பின்னறைக் குடித்தனக்காரர்

கடையின் அட்டை இயந்திரம் மூன்றாவது தடவையும் கீச்சென்று கத்திவிட்டு, முடியாது என்று எழுதிக் காட்டியது.

பல்லக்கா பால் பாக்கெட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள். இயந்திரம் மசியவில்லை. சோப்பை எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரே ஒரு பல்பு மட்டும் மிச்சமிருந்தது. அதற்கும் அது மனமிரங்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சிரமப்பட்டு மிட்டாய் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேற கார்டு இருக்காக்கா?” என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

வேறு அட்டை இல்லை. வேறு கணக்கும் இல்லை. அவள் சம்பளம் போய் விழுவது அந்த ஒரே கணக்கில்தான். அது அவள் பேரிலும் தொட்டிக்காரர் பேரிலும் சேர்ந்தே இருந்தது.

அவள் பல்செட் செய்பவள். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷமாக ஒரு லேப்பில் மேல்வரிசையும் கீழ்வரிசையுமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். பல் கட்டுகிற அக்கா, அதனால் லேப்பிலும் தெருவிலும் பல்லக்கா. கூட வாழ்ந்தவர் மட்டும் அதைச் சுருக்கி ‘பல்லக்கு’ என்பார். அவர் மீன்தொட்டிக் கடை வைத்திருந்ததால் ஊருக்கு அவர் தொட்டிக்காரர்.

இருவரும் ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று முடிவெடுக்கவும் இல்லை. முதல் வருஷம் அவர் கேட்டபோது லேப்பில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மூன்றாம் வருஷம் அவள் கேட்டபோது அவர் கடையில் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அப்புறம் இரண்டு பேருமே, அதுதான் ஆகிவிட்டதே என்பது போல இருந்துவிட்டார்கள்.

வெறுங்கையோடு அவள் வீடு திரும்பியபோது அவர் கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கடையில் இருக்க வேண்டிய நேரம். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

“இன்னிக்குத் திவால் மனுவை ஏத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன். கணக்கை இவ்வளவு சீக்கிரம் நிறுத்துவாங்கன்னு நினைக்கல.”

ஒரு பெரிய ஓட்டலுக்கு நாற்பது தொட்டி செய்து கொடுத்திருந்தார். ஓட்டல் திறக்காமலே மூடிவிட்டது. கண்ணாடிக்காரனிலிருந்து பம்பு கம்பெனி வரை எல்லாருக்கும் பாக்கி. இரண்டு மாதமாக அவர் காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் ஆள் வராத கடைக்குத்தான். ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தும் வாயில் வந்தது வேறு.

“பல்புக்கு என்ன பண்றது?”

அவர் எழுந்து போய்க் குளியலறைப் பல்பைக் கழற்றி வந்து கூடத்தில் மாட்டினார். அன்றிலிருந்து இருவரும் இருட்டில் குளித்தார்கள்.

மறுநாள் அவள் வங்கிக்குப் போனாள். கணக்கில் இன்னொரு பேர் கணவரா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கூடப் பிறந்தவரா? இல்லை. வியாபாரக் கூட்டாளியா? அதுவும் இல்லை. வங்கிக்காரர் சற்று யோசித்துவிட்டு ‘மற்றவை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். திவால் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால்தான் கணக்கு திறக்குமாம்.

தொட்டிக்காரர் தானே போய்க் கேட்டு வருவதாகச் சொன்னார். போனார். மத்தியானம் வந்து வெகுநேரம் கைகால் கழுவினார்.

“என்ன சொல்றாங்க?”

“பார்க்கலாங்கறாங்க. கொஞ்சம் சிக்கல்தான் போல.”

மாதக் கடைசி. வேறு வழியில்லாமல் அவள் அண்ணனிடம் கைமாற்றுக் கேட்டாள். பணத்தோடு அண்ணனும் வந்துவிட்டார்.

அண்ணனுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு அது ஏன் கிடையாது என்று எழுதிக் கொடுக்கிற பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். அதனால் எந்த விஷயத்திலும் அவர் கண்ணில் முதலில் படுவது ஓட்டைதான். தங்கையோடு வாழ்கிறவரை மாப்பிள்ளை என்று கூப்பிடக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டுமே என்று, ஒன்பது வருஷமாக ‘இவரே’ என்று கூப்பிட்டே சமாளித்து வந்தார்.

“ஒரே கணக்கு, ஒரே அடுப்பு, ஒரே முகவரி,” என்று விரலை மடக்கினார் அண்ணன். “சட்டத்துல இதுக்குப் பேரு குடும்பம், பாப்பா. அவரு கடன் உன் தலையில வந்து விடியும்.”

“வீடு என் பேர்ல இருக்குண்ணே. இவரு வர்றதுக்கு முன்னாடியே வாங்கினது.”

“கரண்ட் பில் யாரு கட்டறா?”

“அவருதான்.”

“எத்தனை வருஷமா?”

“ஒன்பது வருஷமா.”

“முடிஞ்சுது. அப்ப வீட்டுல அவருக்கும் பங்கு இருக்குன்னு ஆகுது. அவருக்குப் பங்குன்னா கடன்காரனுக்கும் பங்கு. பூட்டு எடுத்துக்கிட்டு வருவான், பாரு.”

மறுத்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று தொட்டிக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் சொல்றது சரியாத்தான் இருக்கும் என்றார்.

அண்ணன் இரண்டு கட்டளைகள் போட்டார். ஒன்று, அவள் திவால் அலுவலகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. போய் நின்றால் நீ யார் என்று கேட்பான், பதில் சொன்னால் மாட்டிக்கொள்வாய். இரண்டு, இருவருக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டியாக வேண்டும். அலுவலக வேலைகளைத் தொட்டிக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சம்பந்தம் இல்லாமல் ஆக்குகிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார்.

முதலில் வாடகை ஒப்பந்தம் எழுதினார்கள். அவள் வீட்டு உரிமையாளர், அவர் பின்னறைக் குடித்தனக்காரர். குடித்தனக்காரர் கூடத்தைப் பயன்படுத்தலாகாது என்று அண்ணன் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். தொட்டிக்காரர் அதற்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் டிவியில் செய்தி வந்தபோது, அவர் பின்னறை நிலைப்படிக்குள்ளேயே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். உள்ளே வந்து உட்காருங்க, யாரு பார்க்கப் போறா என்றாள் அவள்.

“வேண்டாம் பல்லக்கு. பழகிக்கணும்.”

அவள் டிவியை அவர் பக்கம் திருப்பி வைத்துச் சத்தத்தையும் கூட்டினாள்.

மூன்றாம் நாள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வந்தார். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று அவருக்குப் போயிருந்தது. தனி ஆண்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்பது சங்கத்தின் விதியாம்.

“ஒன்பது வருஷமா இருக்கறவருதானே சார்,” என்றாள் பல்லக்கா.

“அப்ப உங்ககூட இருந்தாரும்மா, அது வேற,” என்றார் செயலாளர் வருத்தத்தோடு. அவர் வீட்டுத் தொட்டியே தொட்டிக்காரர் செய்து கொடுத்ததுதான். “இப்ப குடித்தனக்காரரா ஆகிட்டாரே.”

உறவினர் என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்று செயலாளரே வழியும் சொன்னார். எழுதிக் கொடுக்கவே கூடாது என்று அண்ணன் போனில் கத்தினார். சங்கம் ஒரு மாதம் தவணை கொடுத்தது.

அந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரிகள் வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க வருவார்கள், எது யாருடையது என்று பிரித்து வைக்க வேண்டும் என்றார் அண்ணன். வெள்ளைச் சீட்டும் மஞ்சள் சீட்டுமாக இரண்டு கட்டு வாங்கி வந்தார். வெள்ளை அவளுக்கு, மஞ்சள் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டினார்கள். அவள் ஃப்ரிட்ஜில் மஞ்சள் சீட்டை ஒட்டினால் அவர் அதை உரித்துவிட்டு வெள்ளையை ஒட்டினார். பீரோ உங்களுதுதான், நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க என்றாள். தூக்கினது நான், காசு உன்னுது என்றார். இஸ்திரிப் பெட்டிக்காக இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். எனக்கு வேண்டும் என்பதற்காக அடித்துக்கொள்கிற வீடுகள் உண்டு. இவர்கள் உனக்குத்தான் என்று அடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் பார்த்தால் வீடு முழுக்க வெள்ளை. ஒரு குடை, ஒரு சீப்பு, கால் ஆடுகிற நாற்காலி ஆகிய மூன்றில் மட்டும் மஞ்சள்.

அண்ணன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஒன்பது வருஷம் ஒரு ஆம்பளை இருந்திருக்காரு. அவருக்கு ஒரு சீப்பும் குடையும்தான் சொத்துன்னா, சின்னப் பிள்ளைகூட நம்பாது. மறைக்கறீங்கன்னு கேஸ் போடுவான்.”

நம்புகிற மாதிரி அண்ணனே மாற்றி ஒட்டினார். இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கண்ணாடி, மிக்சி, வீட்டிலிருந்த ஒரே நல்ல மெத்தை எல்லாம் மஞ்சளுக்குப் போயின.

கணக்கெடுக்க ஒருவரும் வரவில்லை. வராமல் இருப்பது இன்னும் ஆபத்து, பெரிதாக எதற்கோ தயார் செய்கிறார்கள் என்றார் அண்ணன்.

கடைக்கு மட்டும் ஆள் வந்தார். அன்று அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கச் செருப்புக் கடையில் நின்று, வாங்காத செருப்புகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தபடி அங்கே நடந்ததைக் கவனித்தாள். மதிப்பீட்டுக்காரர் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவை நின்றால்தானே எண்ண முடியும்? ஒரு தொட்டியில் முதல் தடவை முப்பத்தொன்று வந்தது, அடுத்த தடவை இருபத்தாறு. கடைசியில் ‘சுமார்’ என்று போட்டுக் கணக்கை முடித்தார். தொட்டிக்காரர் அவருக்குப் பின்னாலேயே போய், இனித் தன்னுடையது அல்லாத மீன்களுக்கெல்லாம் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் தொட்டிக்குப் போட்டு முடித்ததும் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அப்படியே நின்றார். மீன்கள் கைக்கு எதிரே கூடின. பல்லக்காவுக்கு ஓடிப் போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. சம்பந்தம் இல்லாதவள் எப்படிப் போவது? காலில் இருந்த செருப்பையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அது அளவு சின்னது.

மாதம் முடிந்தது. அவர் ஒரு சைக்கிள் கடைக்கு மேலிருந்த அறைக்குக் குடிபோனார். சும்மா போனால் போதாது, மஞ்சள் ஒட்டியதெல்லாம் கூடப் போனால்தான் உண்மையாக இருக்கும் என்று அண்ணன் சிறு வண்டி ஒன்று பிடித்து வந்தார். தொட்டிக்காரர் ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார். மெத்தையைச் சுருட்டும்போது மட்டும் அவள் பக்கம் பார்க்கவில்லை. கால் ஆடுகிற நாற்காலியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் தரையில் போர்வையை விரித்துப் படுத்தாள். எனக்காக இந்த மனுஷர் இவ்வளவு அவமானத்தையும் முகம் சுளிக்காமல் தாங்குகிறாரே என்று நினைத்துக்கொண்டாள். அவரை அவ்வளவு பிரியமாக அவள் நினைத்தது அந்த ஒன்பது வருஷத்தில் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் பஸ் நிறுத்தத்தில் சந்திப்பதென்று ஏற்பாடு. பெஞ்சில் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு உட்கார்ந்து, எதிரே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். பலநாள் அந்த நடு இடத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பருத்த மனிதர் உட்கார்ந்து, இருவரும் தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, சாப்பிட்டாயா என்ற கேள்விக்கும் இன்னும் இல்லை என்ற பதிலுக்கும் மாறிமாறித் திரும்பி, பஸ் வந்ததும் நிம்மதியாக ஏறிப்போனார்.

அண்ணி ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனவள் பார்த்துவிட்டாள். அதோடு பெஞ்சும் நின்றது. போனிலும் பேசாதே, எல்லாம் பதிவாகும் என்றார் அண்ணன். தொட்டிக்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். லேப்பின் பொது எண்ணுக்கு வாடிக்கையாளர் போலக் கூப்பிட்டார்.

“என் கீழ்வரிசை எப்படி இருக்கு?” என்பார்.

“நல்லா இருக்கு சார். நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?” என்பாள் அவள்.

நாலாவது தடவை லேப் முதலாளியே போனை எடுத்துவிட்டார். ஒரு பார்ட்டி கீழ்வரிசைக்காக மாசக்கணக்கில் காத்திருக்கிறார், நோட்டில் ஆர்டரையே காணோம், அச்சு எங்கே என்று அவளைப் பிடித்துக்கொண்டார். தொழில் சுத்தத்தில் அவர் கறார். வேறு வழியில்லாமல் அச்சு உடைந்துவிட்டது என்றாள். உடைத்தது யார் என்று விசாரணை வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது, இல்லாத ஒருவரின் இல்லாத பல்லுக்காக. அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் அவள் அடுத்த போனுக்குக் காத்திருந்தாள். அது பத்து நாள் கழித்து வந்தது.

அவர் கடைசியாக ஒருதடவை பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொன்னார். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு மீன் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறதாம். குஞ்சு பொரிக்கிற தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தங்க இடமும் கொடுக்கிறார்கள்.

“ஒரு வருஷத்துல திவால் முடிஞ்சிரும் பல்லக்கு. அதுவரைக்கும் நான் எட்டியே இருக்கறதுதான் உனக்கு நல்லது.”

“முடிஞ்சதும் வந்துருவீங்கல்ல?”

“முடியட்டும்,” என்றார்.

பஸ் வந்தபோது, நடுவில் விட்ட இடத்தைத் தாண்டி வந்து அவள் கையை ஒருதரம் பிடித்துக்கொண்டார். அண்ணன் பார்த்தால் என்ன ஆகும் என்று அவள்தான் கையை இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதை நினைத்து அப்புறம் பலநாள் வெந்தாள்.

முதல் மூன்று மாதம் வாரம் ஒரு கடிதம் வந்தது. போன் பேசக் கூடாது என்பதால் கடிதம். தண்ணீரின் சூடு, குஞ்சுகளின் நிறம், தங்குமிடத்துச் சமையல்காரரின் குறட்டை என்று எழுதுவார். அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம் நின்றுவிட்டது. பண்ணையில் வேலை அதிகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கணக்கு நின்ற அடுத்த மாதமே சம்பளத்தை ஒரு புது வங்கிக் கணக்குக்கு மாற்றியிருந்தாள். பழைய கணக்கைத் தொட்டால் வம்பு என்று அண்ணன் சொன்னதால் அது அப்படியே கிடந்தது. வெள்ளைச் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிர்ந்தன. பெருக்கும்போது குப்பையில் வந்தன. புது மெத்தை வாங்கலாமா என்று ஒருநாள் கடைவரை போனாள். அவர் பழையதைத் திருப்பிக் கொண்டுவந்தால் இரண்டாகிவிடுமே என்று வாங்காமல் வந்தாள்.

வருஷம் முடிந்த மறுநாள், அண்ணனுக்குச் சொல்லாமல், அவள் முதன்முதலாகத் திவால் அலுவலகத்தின் மாடிப்படி ஏறினாள். நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள். எல்லாம் முடிந்தது, இனி ஒரே வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்தக் காகிதத்தோடேயே பண்ணைக்குப் பஸ் ஏறிவிடுவதாக எண்ணம். பையில் மாற்றுத் துணியும் இருந்தது.

மூன்றாம் மாடியில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு எழுத்தர் அம்மாள் இருந்தார். மேஜையெல்லாம் கட்டுக் கட்டாகக் கோப்புகள். பல்லக்கா தொட்டிக்காரரின் பேரைச் சொன்னாள். நீங்க யாரு என்று கேட்டார் அந்த அம்மாள்.

அதற்குப் பயந்துதான் ஒரு வருஷம் அந்தப் பக்கமே வராமல் இருந்தாள். ஆனாலும் சொன்னாள்.

“அவரோட சேர்ந்து வாழ்ந்தவ. இனிமேலும் வாழப்போறவ.”

எழுத்தர் அம்மாளுக்கு நினைவு வந்துவிட்டது. முகம் மலர, மீன்கடைக்காரர்தானே என்றார். நல்ல மனுஷராம். வந்தபோதெல்லாம் வாசலில் கிடந்த பூனைக்கு ஏதாவது வாங்கிப் போடுவாராம். கோப்பை எடுத்துத் தூசி தட்டி, எல்லாம் சுத்தமாக முடிந்துவிட்டது என்றார். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு கவரை உருவி மேஜையில் வைத்தார். மேலே பல்லக்காவின் பேர் தட்டச்சு செய்திருந்தது.

“இது உங்க வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லிக் குடுத்த கடிதம். சம்பளச் சீட்டு ஒண்ணு காட்டினதும் மறுநாளே எழுதிட்டோம். வாங்கிட்டே போகலையே அவரு.”

பல்லக்கா தேதியைப் பார்த்தாள். இருட்டில் குளிக்கத் தொடங்கிய வாரத்துத் தேதி.

“அப்ப வீடு?” என்றாள். “நாங்க ஒரே வீட்டுல இருந்தா வீட்டை எடுத்துப்பாங்கன்னு...”

எழுத்தர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

“கல்யாணம் ஆகாதவங்களுக்கு அவரு கடன் எப்படிம்மா வரும், வீடும் உங்களுது, சம்பளமும் உங்களுது, தாராளமா ஒண்ணா இருங்கன்னு முதல் நாளே அவருகிட்ட சொல்லிட்டேனே, ‘அதை மட்டும் அவளுக்குத் தெரியப்படுத்திடாதீங்க மேடம், தெரிஞ்சா என்னைப் போக விடமாட்டா’ன்னு கேட்டுக்கிட்டாரு.”